பாக்குத் தட்டு கடக்கும் சட்டங்கள்

வாழப்பாடியிலிருந்து பேளூர், புழுதிக்குட்டைப் பக்கம் போனால் சாலையோரம் பாக்குத் தோப்புகள் வந்துவிடும். வசிஷ்ட நதியும் ஆனைமடுவு அணையும் தோட்டத்துக் கிணறுகளும் வளர்த்த மரங்கள். வியாபாரி வந்து விலை பேசுவது குலைக்குத்தான். மட்டையை நெடுங்காலம் யாரும் கேட்டதில்லை. பழுத்த மட்டை தானே கழன்று விழும். அடுப்புக்குக் கொஞ்சம் போகும், மிச்சம் தோப்பிலேயே மக்கும். இன்று அந்த மட்டையைப் பொறுக்கிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அதிலிருந்து செய்கிற தட்டு ஐரோப்பா வரை போகிறது.

அந்தத் தட்டைப் பின்தொடர்ந்து போக எனக்கு ஒரு காரணம் உண்டு. ஐரோப்பியச் சட்ட அறிஞர்களிடையே ஒரு விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. காலநிலைச் சட்டம் என்பது தனியொரு சட்டத்துறையா? அல்லது சுற்றுச்சூழல், எரிசக்தி, போக்குவரத்து, சந்தை என்று ஏற்கெனவே இருக்கும் துறைகளில் சிதறிக் கிடக்கும் சில விதிகளுக்கு நாம் வைத்த பொதுப்பெயரா? தொழிலாளர் சட்டத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் இருப்பதுபோல் அதற்கு எல்லை உண்டா? ஏட்டில் படித்தால் வறண்ட கேள்வி. ஒரு பொருள் கிளம்பிய இடத்திலிருந்து அழியும் இடம்வரை எந்தெந்தச் சட்டம் அதைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், கேள்வி எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும். கடிபடுவது பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பதால் இது எனக்கு முக்கியம்.

தட்டாக மாறுவது மட்டை முழுவதும் அல்ல. ஓலைக்குக் கீழே, மரத்தைச் சுற்றிப் பற்றிக்கொண்டிருக்கும் அகலமான பாளைப் பகுதி மட்டும்தான். ஓலையை வெட்டி எறிந்துவிட்டு அதை வெயிலில் காயப்போடுகிறார்கள். பட்டறைக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, இரண்டு பக்கமும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நீர் வடிய நிற்கவைப்பார்கள். ஈரம் முழுவதும் போய்விட்டால் அச்சில் வைத்ததும் வெடிக்கும். ஈரம் அதிகம் இருந்தால் தட்டு பிற்பாடு கோணிக்கொள்ளும். அந்தப் பதம் தெரிவது கைக்குத்தான். சூடேற்றிய இரும்பு அச்சுக்கு நடுவே மட்டையை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸை இறக்கினால், புஸ்ஸென்று ஆவி கிளம்பும், ஈர நாரின் வாசம் பட்டறை முழுக்கப் பரவும். அச்சு மேலேறும்போது தட்டு தயார். பசையில்லை, பூச்சில்லை, சாயமில்லை. விளிம்பைச் சீவி, கறை உள்ளதையும் விரிசல் விட்டதையும் தள்ளி, மிச்சத்தை அடுக்குவார்கள். இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. அவர்கள் பயப்படுவது ஐப்பசி, கார்த்திகைக்குத்தான். “மட்டை நமுத்துப் போச்சுன்னா பூசணம் பூத்துருங்க, அப்புறம் அடுப்புக்குத்தான்” என்பது பட்டறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

இத்தனை தட்டுக்கு ஊரிலேயே சந்தை திறந்துவிட்டது ஒரு தடை. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சேலம் மாவட்டத்துக்காரர். 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கோயில் அன்னதானமும் கல்யாணப் பந்தியும் பிளாஸ்டிக் பூசிய தட்டைக் கைவிட வேண்டியிருந்தது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. இரண்டு தடைகளுக்கும் சொன்ன காரணம் குப்பை: சாக்கடை அடைப்பு, மாட்டின் வயிறு, மக்காத நெகிழி. காலநிலை அங்கே முன்னால் நிற்கவில்லை.

ஐரோப்பாவின் கதவைத் திறந்த சட்டமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூன் 5 தேதியிட்டு 2019/904 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டு ஆணையை இயற்றியது. பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், கலக்கும் குச்சி, பஞ்சுக்குச்சி போன்றவற்றை 2021 ஜூலை 3 முதல் உறுப்பு நாடுகளில் யாரும் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. ஆணையின் முன்னுரையில் கடற்கரைக் குப்பையின் கணக்கு இருக்கிறது: ஒதுங்கும் குப்பையில் 80 முதல் 85 சதவீதம் பிளாஸ்டிக், மொத்தத்தில் பாதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள். கடலைக் காக்கும் சட்டம், கழிவைக் குறைக்கும் சட்டம். பாக்குத் தட்டு பிளாஸ்டிக்கே இல்லை என்பதால் தடையின் வலைக்குள் வரவில்லை. காலியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கரும்புச் சக்கைத் தட்டும் காகிதத் தட்டும் போட்டிக்கு நின்றன. பாக்குத் தட்டுக்குச் சிறப்பு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக ஓடும் நார்க்கோடு.

அடுத்த வாசல் உணவுப் பாதுகாப்பு. உணவைத் தொடும் எந்தப் பொருளும் உடம்புக்குக் கேடான எதையும் உணவில் கலக்கக் கூடாது என்பது 1935/2004 என்ற ஒழுங்குமுறையின் அடிப்படை விதி. பிளாஸ்டிக்குக்கும் பீங்கானுக்கும் ஐரோப்பிய அளவில் தனித்தனி விதிகள் உண்டு. இலை, மட்டை போன்றவற்றுக்கு அப்படித் தனி விதி கிடையாது, பொது விதிதான். எனவே இறக்குமதி செய்பவர் கேட்கும் பரிசோதனைச் சான்றிதழ்தான் நடைமுறையில் சட்டம். இந்த வாசல் எப்போது சாத்தப்படும் என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைத் தட்டில் பாக்குக்கே உரிய ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, அவற்றை உணவுப் பாத்திரமாக விற்பதை நிறுத்தச் சொன்னது. ஒரே கடிதத்தில் ஒரு பெரிய சந்தை ஆட்டம் கண்டது. தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு ஐரோப்பிய ஆர்டர் அதற்குப் பிறகு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இதுவரை தட்டைத் தொட்ட சட்டங்கள் மூன்று வகை: கழிவு, கடல், உணவு. காலநிலைச் சட்டம் என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்றும் வரவில்லை. அது காத்திருப்பது கடலில்.

அட்டைப்பெட்டியில் அடைத்த தட்டுகள் லாரியில் சேலம் வந்து, தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போகின்றன. தூத்துக்குடி வழியாகப் போகும் கன்டெய்னர் பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். அந்தப் பெரிய கப்பல் ராட்டர்டாமுக்கோ ஹாம்பர்க்குக்கோ கிளம்பும் நிமிடத்திலிருந்து அதன் புகைபோக்கியை ஐரோப்பியச் சட்டம் எண்ணத் தொடங்குகிறது.

2005-இல் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் தொடங்கிய உமிழ்வு வணிகத் திட்டம் அது. ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு உமிழ்வு அனுமதியை ஒப்படைக்க வேண்டும். அனுமதியை ஏலத்திலோ சந்தையிலோ வாங்கலாம். மொத்த எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும். 2024 ஜனவரி 1 முதல் 5,000 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள சரக்கு, பயணிகள் கப்பல்கள் இதற்குள் வந்தன. ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு இடையே ஓடினால் உமிழ்வு முழுவதற்கும் கணக்கு. வெளியிலிருந்து வரும் பயணமோ வெளியே போகும் பயணமோ என்றால் பாதிக்கு. பாரம் ஒரேயடியாக விழாமல் இருக்கப் படிகள் வைத்தார்கள்: 2024-இன் உமிழ்வில் 40 சதவீதத்துக்கு அனுமதி கொடுத்தால் போதும், 2025-க்கு 70, 2026-இலிருந்து 100. உதாரணத்துக்கு, கொழும்பிலிருந்து ஹாம்பர்க் வரை ஒரு கப்பல் 4,000 டன் உமிழ்ந்தால் கணக்கில் வருவது 2,000. 2024-இல் அதற்கு 800 அனுமதி, 2026-இல் 2,000. ஒரு அனுமதியின் விலை 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது; பிறகு இறங்கியது, ஏறியது. கப்பல் நிறுவனம் இந்தச் செலவைத் தானே சுமக்காது. சரக்குக் கட்டண பில்லில் ‘எமிஷன் சர்சார்ஜ்’ என்று ஒரு வரி சேர்ந்தது. பட்டறை நடத்துபவர் கையில் கிடைக்கும் காலநிலைச் சட்டம் அந்த ஒற்றை வரிதான்.

கொழும்பை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், இந்தச் சட்டம் ‘பயணம்’ எங்கே தொடங்குகிறது என்பதை மிகக் கவனமாக வரையறுக்கிறது. சரக்கை ஏற்றி இறக்கும் கடைசித் துறைமுகத்திலிருந்துதான் எண்ணிக்கை. எனவே தூத்துக்குடி–கொழும்புச் சிறு கப்பலின் புகை கணக்கில் இல்லை. அப்படியானால் ஐரோப்பாவுக்கு மிக அருகில் ஒரு துறைமுகத்தில் தொட்டுவிட்டுப் போனால், கடைசிச் சிறு தூரத்துக்கு மட்டும் பணம் கட்டலாமே? அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்றியத் துறைமுகத்திலிருந்து 300 கடல் மைலுக்குள் இருந்து, கப்பல் மாற்றும் சரக்கு 65 சதவீதத்தைத் தாண்டும் வெளிநாட்டுத் துறைமுகங்களைப் பட்டியலிட்டு, கன்டெய்னர் கப்பல் அங்கே நிற்பதை நிற்பதாகவே கொள்வதில்லை. பட்டியலில் இரண்டு பெயர்கள்: எகிப்தின் கிழக்கு போர்ட் சையத், மொராக்கோவின் டாஞ்சியர் மெட். ஒன்று சூயஸ் வழியில் இருக்கிறது, மற்றொன்று ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் வழியில். இந்தியப் பெருங்கடலிலிருந்து ஐரோப்பாவுக்கு இருக்கும் இரண்டு பாதைகளிலும் காவல் போட்டாயிற்று.

இரண்டாவது பாதை வெறும் கற்பனையும் இல்லை. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஓட்டத் தொடங்கின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் நீண்டது. எரிந்த எண்ணெய் கூடியது, புகை கூடியது, ஒப்படைக்க வேண்டிய அனுமதியும் கூடியது. ஏமன் கரையில் நடந்த போரின் செலவில் ஒரு பகுதி பிரஸ்ஸல்ஸ் விதியின் வழியாக வாழப்பாடியின் பில்லுக்கு வந்து சேர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புகை கூடியது உண்மை; உண்மையை எண்ணும் சட்டம் அதை எண்ணித்தான் ஆகும். ஆனால் அந்த விதி எழுதப்பட்ட மேசையில் இந்தப் பக்கத்து ஆள் யாரும் உட்காரவில்லை.

இங்கே நின்று, சட்ட அறிஞர்களின் கேள்விக்குத் திரும்பலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் நினைத்ததையெல்லாம் சட்டமாக்க முடியாது. ஒவ்வொரு சட்டமும் ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் உள்ள ஏதாவது ஒரு பிரிவைக் காட்டி, இந்த அதிகாரத்தில் இயற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும். காலநிலைக்கென்று அந்த ஒப்பந்தத்தில் தனித் தலைப்பு இல்லை. 2009 டிசம்பர் 1-இல் லிஸ்பன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, சுற்றுச்சூழல் தலைப்பின் கீழுள்ள 191-ஆம் பிரிவில், உலகளாவிய சூழல் பிரச்சினைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘குறிப்பாகக் காலநிலை மாற்றத்தை எதிர்த்தல்’ என்று சேர்த்தார்கள். அவ்வளவுதான். உமிழ்வு வணிகத்துக்கு ஆதாரம் அதை அடுத்த 192-ஆம் பிரிவு, அதாவது சுற்றுச்சூழல். ஆனால் அதே கப்பல் எந்த எரிபொருளை எரிக்கலாம் என்று 2025-இலிருந்து கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறைக்கு ஆதாரம் 100-ஆம் பிரிவு, போக்குவரத்து. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பற்றிய 2018 ஆணை 194-ஆம் பிரிவிலிருந்து, எரிசக்தி. 2025-இல் வந்த பேக்கேஜிங் ஒழுங்குமுறை 114-ஆம் பிரிவிலிருந்து, உள்சந்தை. ஒரே நோக்கத்துக்கு வேலை செய்யும் சட்டங்கள் நான்கு வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. தனித்துறை இல்லை என்பவர்களின் வலுவான வாதம் இது.

வீடு எது என்பது சம்பிரதாயக் கேள்வி இல்லை என்பதைப் போலந்து காட்டியது. உமிழ்வு அனுமதிகள் சந்தையில் குவிந்து விலை படுத்துவிட்டபோது, உபரியை எடுத்து ஒதுக்கிவைக்க 2015-இல் ஒரு முடிவு எடுத்தார்கள். நிலக்கரியை நம்பியிருந்த போலந்து நீதிமன்றத்துக்குப் போனது. 192-ஆம் பிரிவுக்கு இரண்டு கூறுகள் உண்டு. முதல் கூறில் பெரும்பான்மை வாக்குப் போதும். ஒரு நாடு எந்த எரிசக்தியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கணிசமாகப் பாதிக்கும் நடவடிக்கை என்றால் இரண்டாவது கூறுப்படி எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். இது எங்கள் நிலக்கரியைப் பாதிக்கிறது, எனவே ஒருமனது தேவை என்றது போலந்து. 2018 ஜூன் 21-இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் மறுத்தது: நடவடிக்கையின் முதன்மை நோக்கமே எரிசக்தித் தேர்வைப் பாதிப்பது என்றால் மட்டுமே அந்தக் கூறு, பக்கவிளைவுக்காக இல்லை. இந்தத் தீர்ப்பு வேறு விதமாகப் போயிருந்தால், ஏதேனும் ஒரு நாட்டின் மறுப்பில் ஐரோப்பாவின் காலநிலை விதிகள் பலவும் நின்றுபோயிருக்கும். சுற்றுச்சூழல் வீட்டில் ஒண்டிக் குடியிருந்ததுதான் காலநிலைச் சட்டத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். தனி வீடு கட்டப் போயிருந்தால் வாசலிலேயே ஒருமனது கேட்டிருப்பார்கள்.

பிறகு 2021 வந்தது. ஜூன் 30 தேதியிட்ட 2021/1119 ஒழுங்குமுறைக்குத் தலைப்பிலேயே ஐரோப்பியக் காலநிலைச் சட்டம் என்று பெயர். 2050-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம். 2030-க்குள் 1990-இன் அளவிலிருந்து நிகரமாகக் குறைந்தது 55 சதவீதம் குறைவு. இந்தச் சட்டம் எந்த ஆலைக்கும் எந்தக் கப்பலுக்கும் நேரடியாக ஒன்றும் கட்டளையிடுவதில்லை. கட்டளை ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கும் உறுப்பு நாடுகளுக்கும்தான். ஆனால் அதன் 6-ஆம் பிரிவு, ஐரோப்பிய ஆணையம் கொண்டுவரும் எந்தச் சட்ட முன்மொழிவும் காலநிலை இலக்கோடு ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கிறது. வேளாண்மையானாலும் வரியானாலும் சாலையானாலும். மற்றச் சட்டங்களை நிறுத்தி விசாரிக்கும் உரிமையை ஒரு சட்டம் பெற்றிருக்கிறது. இலக்கை நினைவூட்ட ஒரு சுயாதீன அறிவியல் ஆலோசனைக் குழுவும் அமைந்தது. காலநிலைக்கென்று தனி இயக்குநரகம் 2010-இலேயே வந்துவிட்டது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: காலநிலைச் சட்டம் ஐரோப்பாவில் தனித்துறைதான். பூர்வீகத்தை வைத்து அப்படிச் சொல்லவில்லை. அது எண்ணுகிற முறையை வைத்துச் சொல்கிறேன். கழிவுச் சட்டம் தட்டைப் பார்த்து ‘இது பிளாஸ்டிக்கா?’ என்று கேட்கிறது. உணவுச் சட்டம் ‘இதிலிருந்து என்ன இறங்கும்?’ என்று கேட்கிறது. காலநிலைச் சட்டம் எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: எத்தனை டன்? சிமென்ட், விமானம், காடு, கப்பல் எல்லாவற்றையும் ஒரே அலகில் கொண்டுவந்து, ஒரே ஆண்டைக் குறிவைத்து, ஒரு பதிவேட்டில் ஏற்றுகிறது. கணக்கைச் சரிபார்க்க உரிமம் பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அனுமதி ஒப்படைக்காவிட்டால் டன்னுக்கு 100 யூரோ அபராதம், பணவீக்கத்தோடு அதுவும் ஏறும். அபராதம் கட்டினாலும் அனுமதியைக் கொடுத்தே தீர வேண்டும். தனக்கென்று இலக்கும் அலகும் கணக்கும் தண்டனையும் உள்ள சட்டத்தைத் தனித்துறை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்த அலகு எல்லையைத் தாண்டுகிறது என்பதுதான் நமக்கான செய்தி. 2012-இல் வெளிநாட்டு விமானங்களையும் உமிழ்வு வணிகத்துக்குள் கொண்டுவந்தபோது இந்தியாவும் சீனாவும் அமெரிக்காவும் ரஷ்யாவும் எதிர்த்தன. ஐரோப்பா பின்வாங்கி, கண்டங்களுக்கு இடையேயான விமானங்களுக்கு நிறுத்திவைத்தது. கப்பலில் ‘பாதி’ என்று வைத்தது அந்த அனுபவத்தின் பாடமாகத்தான் தெரிகிறது. தட்டு ஏறிய லாரி சேலத்தைத் தாண்டும்போது, கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையிலிருந்து துருப்பிடிக்காத எஃகுச் சுருள் ஏறிய லாரியும் அதே துறைமுகத்தை நோக்கிப் போகலாம். சுருளுக்குக் கதை வேறு. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை இறக்குமதி செய்தால், தயாரித்த ஆலையின் உமிழ்வுக்கே 2026-இலிருந்து விலை. அதுதான் கார்பன் எல்லை வரி. தட்டு அந்தப் பட்டியலில் இல்லை. மட்டையை அழுத்திய அச்சு இரும்பு. அந்த இரும்பு தனியாக ஏற்றுமதியானால் கேள்வி, அது செய்த தட்டுக்குக் கேள்வியில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது? கானமயில் எனும் பறவை ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது என்று எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், 2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் தரும் உரிமை என்றது. அதே தீர்ப்பு, காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு குடைச்சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் குறித்தது. 2022-இன் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டமும் அதன்கீழ் 2023-இல் வந்த கார்பன் வணிகத் திட்டமும் பெரிய ஆலைகளை எண்ணத் தொடங்கியிருக்கின்றன. தமிழ்நாடு 2021-இல் சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றத்தைச் சேர்த்தது. உரிமை பிறந்துவிட்டது, அதை யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று சொல்லும் சட்டம் இன்னும் இல்லை.

பாக்குத் தோப்புக்காரருக்கு அந்த உரிமை வெறும் சொல்லாக இருக்க முடியாது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10-இல் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்கள். நெல் காய்ந்தால் அடுத்த போகம் உண்டு. பாக்கு மரம் காய்ந்தால் மறு கன்று நட்டு, காய்க்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். குலை இல்லை, மட்டையும் இல்லை. எத்தனை டன் என்று கேட்கத் தெரிந்த சட்டம், அந்த டன்னால் கிணறு எத்தனை அடி இறங்கியது என்று இங்கே வந்து கேட்பதில்லை. கப்பலின் உமிழ்வுக்கு வசூலாகும் பணம் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்ளேயே செலவாகிறது. இதில் ஒரு பங்கு சரக்கு கிளம்பிய கரைக்கும் திரும்ப வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு நியாயம் இருக்கிறது, கேட்க வேண்டும்.

தட்டு இதற்குள் ஹாம்பர்க்கில் இறங்கியிருக்கும். அங்கே அதற்கு இன்னொரு அதிர்ச்சி. பிளாஸ்டிக்கை விரட்டிய ஐரோப்பா இப்போது தூக்கியெறிவதையே விரட்டத் தொடங்கியிருக்கிறது. பிரான்சில் 2023 ஜனவரி 1 முதல், 20 பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தும் பாத்திரம்தான் வைக்க வேண்டும். எந்தப் பொருளால் ஆனது என்பது பேச்சே இல்லை. ஜெர்மனியின் டூபிங்கன் நகரம் 2022 ஜனவரி 1 முதல், வாங்கிச் சாப்பிடும் உணவுக்குக் கொடுக்கும் ஒருமுறைத் தட்டுக்கும் கோப்பைக்கும் 50 சென்ட் வரி போடுகிறது. வழக்கு நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம்வரை போனது. நகரத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பை 2025 ஜனவரி 22-இல் வெளியிட்டார்கள். மண்ணில் மக்கும் நம் தட்டும் அங்கே தூக்கியெறியும் தட்டுதான். இங்கே பட்டறை போட வங்கிக் கடன் கேட்டு நிற்பவர்கள் இந்த இரண்டு செய்தியையும் முதலில் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் தடையை நம்பி மட்டும் பத்து ஆண்டுக் கணக்குப் போடக் கூடாது.

திருவிழாவிலோ கல்யாணத்திலோ ஒருமுறை பயன்பட்ட தட்டு பெரும்பாலும் கலவைக் குப்பையோடு போகிறது. ஜெர்மனியில் அந்தக் குப்பையின் முடிவு எரியூட்டு ஆலை. எரியும் சூட்டில் மின்சாரமும் வீடுகளுக்கு வெந்நீரும் கிடைக்கும். இந்த ஆலைகளும் 2024 முதல் கணக்குக்கு உட்பட்டவை: ஜெர்மனியின் தேசிய உமிழ்வு வணிகத்தில் பணம் கட்ட வேண்டும், ஐரோப்பியத் திட்டத்தில் இப்போதைக்கு அளந்து அறிக்கை தர வேண்டும். உலையில் பிளாஸ்டிக் பையும் பாக்குத் தட்டும் ஒன்றாக எரிகின்றன, புகை ஒரே குழாயில் போகிறது. ஆனால் பதிவேட்டில் பைக்குப் புகை உண்டு, தட்டுக்கு உமிழ்வு பூஜ்யம். தாவரத்தின் கார்பன் அது வளர்ந்த நிலத்தின் கணக்கில் சேரும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. எனவே டூபிங்கனில் ஒருவர் சாப்பிட்டுப் போட்ட தட்டின் கார்பன் இந்தியா ஐக்கிய நாடுகளுக்குத் தரும் அறிக்கையில், நிலப் பயன்பாட்டுக் கணக்குக்கு உரியது. அது முளைத்த தோப்பு தண்ணீரோடு நின்று அடுத்த மட்டையை விட்டால்தான் அந்தப் பூஜ்யம் சரியான கணக்கு.